விலை போகாத வீடு

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த முன்னோர், கட்டிய வீட்டை விற்றுப் பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டனர். அக்காலத்தில் வீட்டை விற்க வேண்டிய தேவை மிகுதியாக நேர்ந்திராது போலும். நேர்ந்திருப்பின், முன்னிரண்டைக் காட்டிலும் இது எத்துணைக் கடினம் என்பதை அவர்களே கூறியிருப்பர். கடந்த இரண்டாண்டுகளாக எம் குடும்பத்தில் ஒரு வீட்டை விற்க முயன்று வருகிறோம். அம்முயற்சியில் நாம் கண்டவற்றையும், நாமே செய்துவிட்ட ஒரு தவற்றையும், அதிலிருந்து எழுந்த கேள்வியையும் வாசக அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

வீடு இருப்பது எம்.ரெட்டியபட்டியில். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது மானாவாரிக் கரிசல் பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் மிளகாயும் மல்லியும் கம்பும் சோளமும் விதைக்கும் பூமி. மழை பொய்த்த ஆண்டுகளில் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்று அடுப்பெரித்தவர் பலர். திருச்சுழி வழியாகக் குண்டாறு செல்கிறது. ஆனால் அதில் நீர் ஓடும் நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எம் மச்சான், அதாவது மூத்த சகோதரியின் கணவர், பருத்தி வியாபாரத்தின் பொருட்டு அங்குக் குடியேறி, 1983ஆம் ஆண்டில் அவ்வீட்டைக் கட்டினார்கள். மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த நாட்களில் விடுமுறைக்கு நாம் செல்வது அங்கேதான். அதன் திண்ணையில் படுத்துறங்கிய கோடை இரவுகளின் காற்று இன்னும் எம் நினைவில் வீசுகிறது.

மச்சான் மறைந்த பின்னர் சகோதரி மகனோடு மதுரைக்கு வந்துவிட்டார். தம்மாமில் பல்லாண்டு உழைத்துத் திரும்பிய மருமகன், பூட்டிக் கிடக்கும் வீட்டை விற்று, வாரிசுகளுக்குரிய பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட எண்ணினான். தாயாருக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரு பங்கு, மகள்கள் இருவருக்கும் ஒவ்வொரு பங்கு. மொத்தத்தை முப்பத்திரண்டாகப் பகுத்தால் நான்கு, பதினான்கு, ஏழு, ஏழு. கணக்கு எளிது. பகுப்பதற்குரிய பணம் வர வேண்டுமே!

“இருக்கிற கோலத்தில் காட்டினால் யார் வாங்குவார்கள்? சிறிது பழுது பார்த்து வெள்ளையடித்து வை” என்று முதலில் யோசனை கூறியது நாமே. இதை மறைப்பதற்கில்லை. ஆனால் வெள்ளையடிப்பில் தொடங்கிய வேலை அத்துடன் நிற்கவில்லை. வழவழப்பாகத் தேய்த்திருந்த சிவப்புச் சிமெண்டுத் தரையைப் பெயர்த்து டைல்ஸ் பதித்தான். திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடமும் இரும்புக் கேட்டும் அமைத்தான். தேக்கு நிலைகளையும் கதவுகளையும் பழைய மரம் வாங்கும் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டுப் புதுக்கதவு மாட்டினான். சுவரெல்லாம் பட்டி பார்த்து வர்ணம் பூசி, கூடத்திற்கு உட்கூரையும் போட்டு முடித்தபோது ஒன்பது லட்ச ரூபாய் கரைந்திருந்தது. அந்த வீட்டுக்கு முன்னர் ஊரார் மதித்த விலை பன்னிரண்டு லட்சம். அதனுடன் செலவு ஒன்பதைக் கூட்டி, அலைந்த அலைச்சலுக்கென மூன்றையும் கூட்டி, இருபத்து நான்கு என்று விலை சொன்னான்.

வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்து, நன்றாக இருக்கிறதென்று கூறி, தேநீர் அருந்திச் சென்றனர். ஒருவர் பதினொன்றுக்குக் கேட்டார். இன்னொருவர் பதின்மூன்று வரை வந்தார். சிவகாசியில் காலங்கழித்துவிட்டு ஊர் திரும்ப எண்ணிய முதியவர் ஒருவர் வாசலில் நின்று, “இங்கே திண்ணை இருந்ததே, எங்கே?” என்று கேட்டுவிட்டு உள்ளே வராமலே போய்விட்டார்.

புதுப்பித்த வீடு ஏன் விலை போவதில்லை? மருமகன் கேட்ட இக்கேள்வியை நாமும் பலரிடம் கேட்டோம். தரகர்கள் ஒரு காரணமும், கொத்தனார்கள் ஒரு காரணமும், பத்திரம் எழுதுவோர் ஒரு காரணமும் கூறினர். எல்லாமே உண்மைதான். வாங்க வருபவர் முதலில் கேட்பது தண்ணீரை, டைல்ஸை அன்று. அடுத்துக் கேட்பது தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும், வாரிசுகள் அனைவரும் கையெழுத்திடுவார்களா என்பதையும். கிரயத் தொகைக்கு மேல் முத்திரைத் தீர்வைக்கு 7 விழுக்காடும் பதிவுக் கட்டணத்திற்கு 2 விழுக்காடும் அவர் எடுத்து வைக்க வேண்டும். வங்கிக் கடனை நாடுபவராயின், மதிப்பிட வருபவர் கட்டடத்தின் வயதை எண்ணுவாரேயன்றி வர்ணத்தின் வயதை எண்ணமாட்டார். வட்டியை அஞ்சி ஒதுங்குபவரோ முழுத்தொகையையும் கையில் வைத்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் எத்தனை பேர்?

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரில் ஆள் வேண்டும். மழையை நம்பிய பூமியை விட்டு இளைஞர் சிவகாசிக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் சென்றுவிட்டால், அவர்கள் விட்டுச் சென்ற வீட்டை வாங்க வேறெங்கிருந்து ஆள் வரும்? இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய துயரமன்று. செல்வத்தில் சிறந்த ஜப்பானில் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. மொத்த வீடுகளில் நூற்றுக்குப் பதின்மூன்றுக்கும் மேல். நமக்கு அண்மையிலுள்ள செட்டிநாட்டைப் பாருங்கள். பர்மாத் தேக்கும் ஆத்தங்குடித் தரையுமாக எழுந்த மாளிகைகளில் பல, பங்காளிகள் பெருகியமையால் விற்கவும் முடியாமல் பேணவும் முடியாமல் நின்றன. சில இடிக்கப்பட்டு, தூணாகவும் நிலையாகவும் கதவாகவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குச் சென்றன. வீடாக நின்றபோது வராத விலை, மரமாகப் பெயர்ந்தபோது வந்தது. நம் மருமகனோ அம்மரத்தை அற்ப விலைக்கு முதலிலேயே கொடுத்துவிட்டு, விலை போகாத டைல்ஸை வைத்துக்கொண்டிருந்தான்.

எனினும், இக்காரணங்கள் எல்லாம் பழைய வீட்டுக்கும் பொருந்துவன. புதுப்பித்த வீட்டுக்கென்றே ஒரு தனிக்காரணம் உண்டு. அதை அறிய, கரிசல் மண்ணின் இயல்பை அறிய வேண்டும்.

கரிசல் மண் உயிருள்ளது போன்றது. மழை பெய்தால் நீரைக் குடித்து உப்பும். வெயில் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சித்திரை மாதத்தில் கரிசல் காட்டில் நடந்தவர்கள், ஆட்டுக்குட்டியின் கால் சிக்கிக்கொள்ளும் அளவுக்கு அகன்ற வெடிப்புகளைக் கண்டிருப்பர். அந்த மண்ணில் ஆழமில்லாத அடித்தளத்தின்மீது எழுப்பிய வீடு, ஆண்டுதோறும் மழையில் எழும்பி வெயிலில் அமரும். சுவர் அதைத் தாங்காமல், பெரும்பாலும் சன்னலின் மூலையிலிருந்து சாய்வாக விட்டுப் போகும். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கெனவே ஒரு முறையைக் கண்டு கூறியுள்ளனர்: மண்ணின் மேற்பகுதிதான் உப்பிச் சுருங்குவது, ஆகையால் பத்துப் பன்னிரண்டு அடி ஆழத்திற்குத் துளையிட்டு, அதன் அடியைக் குடம்போல் அகலமாக்கிக் காங்கிரீட் தூண் நிறுத்தி, அதன்மீது கட்ட வேண்டுமென்பது. 1983இல் பருத்தி வியாபாரி ஒருவர் எம்.ரெட்டியபட்டியில் வீடு கட்டியபோது இவற்றையெல்லாம் யார் எடுத்துச் சொன்னார்கள்?

எம் சகோதரியின் வீட்டிலும் அவ்வெடிப்பு உண்டு. தென்புற அறையின் சன்னல் மூலையில் தொடங்கி மேல்நோக்கிச் செல்வது. பங்குனியில் தோன்றி ஆனி ஆடி வரை விரியும். மழை விழுந்து மண் உப்பியதும் தானே மூடிக்கொள்ளும். மச்சான் ஒவ்வொரு கோடையிலும் அதில் விரலை வைத்துப் பார்த்து, சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறதா என்று சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். மருமகன் அதைச் சிமெண்டு கொண்டு அடைத்து, வலை ஒட்டி, பட்டி பார்த்து, வெளிர்பச்சை வர்ணம் பூசியிருந்தான்.

தரகர்களும் வாங்குவோரும் இதை அறியாதவர்களல்லர். இந்த வெடிப்பைக் குறிப்பாக அறியாவிட்டாலும், கரிசலை அறிவார்கள். பழைய வீடாக இருந்தால் சுவரைப் பார்ப்பர், வெடிப்பைக் காண்பர், செப்பனிட ஆகும் செலவை மனத்துக்குள் கழித்துக்கொண்டு விலை கேட்பர். புதுப்பித்த வீட்டில் அவர்கள் எதைப் பார்ப்பது? வர்ணத்தைப் பார்க்கலாம். அதன் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமையால், இருக்கக்கூடியவற்றில் மிக மோசமானதையே எண்ணிக்கொள்கின்றனர். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர், பழைய மோட்டார் கார்களை விற்கும் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். நல்லது எது, கெட்டது எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்ற நிலையில், வாங்குபவர் எல்லாவற்றுக்கும் குறைந்த விலையையே கேட்பார். அவ்விலைக்குக் கட்டுப்படியாகாமல் நல்ல பொருளை உடையவர் சந்தையை விட்டே விலகுவார் என்று அவர் விளக்கினார். 2001இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு இவ்வாராய்ச்சிக்காகவே. மருமகன் ஒன்பது லட்சம் செலவிட்டு வாங்கியது, பெரும்பகுதி, ஐயத்தையே.

இனி, எம் தவற்றுக்கு வருகிறோம்.

சென்ற கார்த்திகையில், பணி ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டைப் பார்க்க வந்தார். அன்று நாமும் உடனிருந்தோம். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. மண் நிறைந்திருந்தது, சுவர் ஒரு கோடும் இன்றி நின்றது. எல்லா அறைகளையும் பார்த்து முடித்தவர், எம்முடைய தலைப்பாகையையும் தாடியையும் கண்டு, “ஹஜ்ரத், சுவரெல்லாம் எப்படி?” என்று கேட்டார். நாம் என்ன கூறியிருக்க வேண்டும்? “நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், எதிரேதான் இருக்கிறது” என்றோம். அதில் ஒரு பொய்யும் இல்லை. அவர் பார்த்தார், திருப்தியுற்றார். பேசிப் பேசிப் பத்தொன்பது லட்சத்திற்கு ஒப்புக்கொண்டு, ஐம்பதாயிரம் முன்பணமும் கொடுத்துச் சென்றார். தை மாதத்தில் பத்திரம் பதிவதென்று ஏற்பாடு.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. நாம் மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஹதீஸ்களே எம்மைச் சூழ்ந்துகொண்டன. கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட செய்தி எல்லோரும் அறிந்ததே. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று பெருமானார் கேட்டார்கள்; ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் கூறினார்கள். எத்தனையோ முறை இதை ஓதிக்கொடுத்திருந்தும், அன்றிரவுதான் எமக்கு ஒன்று புலப்பட்டது. மழை பெய்தது அவ்வியாபாரியின் குற்றமன்று, வானத்திலிருந்து வந்தது. கரிசல் மண் உப்பியது எம் மச்சானின் குற்றமன்று, பூமியிலிருந்து வந்தது. குறை வந்த வழியைப் பற்றி அங்கே கேள்வியே எழவில்லை. ஈரத்தை உள்ளே வைத்தது யார் கை என்பதே கேள்வி.

பால் கறவாமல் மடியைக் கட்டி வைத்து, பெருத்துத் தோன்றும் மடியைக் காட்டி ஆட்டையும் ஒட்டகத்தையும் விற்பதும் தடுக்கப்பட்டிருக்கிறது. கறந்து பார்த்த பின் வாங்கியவர் வைத்துக்கொள்ளலாம். அல்லது ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிவிடலாம் என்பது நபிமொழி. திருப்பித் தரும் முறையில் எம் ஹனஃபீ அறிஞர்கள் வேறு கருத்துக் கொண்டிருப்பினும், அச்செயல் வஞ்சனை என்பதில் எவருக்கும் மாறுபாடில்லை. மடியைக் கட்டியவன் வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மடி எதிரேதான் இருந்தது. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவனும் சொல்லியிருப்பான்.

அப்படியாயின் வீட்டுக்கு வெள்ளையடிப்பதே கூடாதா என்று கேட்கலாம். அதுவன்று. விற்கும் பசுவைக் குளிப்பாட்டி ஓட்டிச் செல்வது வழக்கம். அதனால் ஏமாறுபவர் ஒருவருமில்லை. வர்ணம் அழகுக்காக என்பது வாங்குபவருக்கும் தெரியும். தரையை மாற்றியதும் கேட் வைத்ததும் கண்ணுக்குத் தெரிந்தவை. பிடித்தால் வாங்கலாம், பிடிக்காவிட்டால் போகலாம். நாம் அறிந்த வெடிப்பின்மீது, அறியாதவர் காணாதிருக்கும் பொருட்டு ஒட்டிய வலையும், வெடிப்பு மூடியிருக்கும் மாதமாகப் பார்த்து வீட்டைக் காட்டியதும் வேறு. இரண்டுக்கும் ஆன செலவு ஒரே பட்டியலில், ஒரே கொத்தனாரின் கணக்கில்தான் இருந்தது. ஆகவே செயலைப் பார்த்துப் பிரித்தறிய இயலாது. நோக்கத்தைப் பார்த்தே அறிய இயலும். நோக்கத்தை அறிந்தவர் மருமகனும் நாமும் மட்டுமே.

மறுநாள் மருமகனிடம் பேசினோம். அவன் எம்மைவிடத் தெளிவாகவே வாதிட்டான். அவனுடைய வாதங்களை இங்கே குறைத்துக் கூறுவது நியாயமாகாது.

“மாமு, கிரயப் பத்திரத்தில், இருக்கிற நிலையிலேயே விற்கிறேன், எந்தக் குறைக்கும் பொறுப்பில்லை என்று எழுதிவிடுகிறேன். ஹனஃபீ மத்ஹபில் அதற்கு இடமிருக்கிறதல்லவா?” என்றான். இடமிருக்கிறது, மறுப்பதற்கில்லை. எல்லாக் குறைகளிலிருந்தும் பொறுப்பு நீங்கியவனாக விற்கிறேன் என்று நிபந்தனையிட்டால், குறைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லாவிடினும், வாங்கியவர் பின்னர் திருப்ப இயலாது என்று ‘ஹிதாயா’ கூறுகிறது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இதை ஏற்கவில்லை. நாட்டுச் சட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் அறியாததும், சாதாரணக் கவனத்துடன் பார்த்தால் புலப்படாததுமான முக்கியக் குறையை விற்பவர் தெரிவித்தாக வேண்டும். தெரிவியாமை மோசடி என்கிறது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. ஆயினும் அதுவும், ஒப்பந்தம் வேறுவிதமாக இல்லாதபோது என்னும் வாசகத்துடனேயே தொடங்குகிறது.

அவனுக்கு இப்னு உமர் (ரலி) அவர்களின் வழக்கை எடுத்துரைத்தோம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ‘முவத்தா’வில் அது இருக்கிறது. அடிமைகளை விற்பதும் வாங்குவதும் உலகெங்கும் நிலவிய காலம்; அது ஒழிந்தது நன்று. நாம் கவனிக்க வேண்டியது வழக்கின் நுட்பத்தை. எக்குறைக்கும் பொறுப்பில்லை என்னும் நிபந்தனையோடு, எண்ணூறு திர்ஹமுக்கு ஓர் அடிமையை அவர்கள் விற்றார்கள். தமக்குச் சொல்லப்படாத ஒரு நோய் இருப்பதாக வாங்கியவர் உஸ்மான் (ரலி) அவர்களிடம் முறையிட்டார். நிபந்தனை இருப்பது உண்மை. ஆயினும், விற்றபோது அந்நோயைத் தாம் அறிந்திருக்கவில்லை என்று சத்தியம் செய்யுமாறு உஸ்மான் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, விற்றதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எழுதிய நிபந்தனை, அறியாத குறைக்குக் காவல் நிற்கலாம். அறிந்த குறைக்கு அதைக் காவலாக நிறுத்த முற்படும்போது, சத்தியம் செய் என்ற ஒரு சொல்லுக்கு அது தாங்குவதில்லை. பத்திரம் எழுதும் நாளில் இப்படி ஒருவர் கேட்டால், உன்னால் சத்தியம் செய்ய இயலுமா என்று கேட்டோம்.

அதற்கு அவன் விடை கூறவில்லை. ஆனால் வேறொன்று கூறினான். “எல்லோரும் மறைத்து விற்கிற சந்தை இது. மறைத்திருப்பார்கள் என்று நினைத்து எல்லோருமே குறைத்துக் கேட்கிறார்கள். அந்தக் குறைப்பை நானும் சுமக்கிறேன். அதற்குமேல் நானே வெடிப்பைக் காட்டினால் மறுபடியும் குறைப்பார்கள். உண்மை சொல்பவனுக்கு மட்டும் இரட்டைத் தண்டனையா, மாமு? என் பங்கு மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். அம்மாவின் பங்கு? தங்கச்சிகளின் பங்கு? அவர்கள் பணத்தைக் குறைக்க எனக்கென்ன உரிமை?”

இவ்வினா எம்மை நிறுத்தியது. வாய்மையாளருக்கு வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்று சொல்லி முடித்திருக்கலாம். விற்பவரும் வாங்குபவரும் உண்மை கூறித் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் அருளப்படும் என்பது நபிமொழியே. ஆனால் அந்த பரக்கத்தை, கூடுதலாக வரும் ரூபாய் என்று பொருள்கொண்டு ஒருவருக்கு ஆசை காட்டுவது எமக்குச் சரியாகப்படவில்லை. உண்மை கூறினால் விலை குறையத்தான் குறையும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. குறையுள்ள துணியின் குறையைச் சொல்லி விற்குமாறு பங்காளியிடம் கொடுத்திருக்க, அவர் மறந்து சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவரும் யாரென்று தெரியவில்லை. அறிந்த இமாமவர்கள் அத்தொகை முழுவதையும் தருமம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அருப்புக்கோட்டைத் தறிக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “முழுவதுமா?” என்று இருமுறை கேட்டார். நட்டம் நட்டந்தான். அதை இலாபம் என்று வேறு பெயரிட்டு அழைக்க வேண்டியதில்லை.

ஆனால் பிறர் பங்கைப் பற்றிய கேள்விக்கு விடையளிக்க வேண்டியவர் நாமல்லர், அப்பங்குக்குரியவர்கள். ஆகவே சகோதரியிடமே சென்றோம். அவர் எழுத்தறிவு மிகுதியாக உடையவரல்லர். நாம் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “உன் மச்சான் வருஷா வருஷம் அதில் விரலை விட்டுப் பார்ப்பார்களே, தம்பி. வாங்குகிறவனும் சித்திரையில் விரலை விடத்தானே போகிறான்? அப்போது யாரைச் சொல்வான்?” என்றார். சற்றுப் பொறுத்து, “சொல்லிவிடுங்கள். என் பங்கில் குறைந்தால் குறையட்டும். பிள்ளைகளை நீயே கேட்டுக்கொள்” என்றார். மகள்களில் ஒருத்தி உடனே இசைந்தாள். மற்றவள், மகளின் மேற்படிப்புக்கு அப்பணத்தை நம்பியிருந்தவள், இரண்டு நாள் கழித்து இசைந்தாள். அந்த இரண்டு நாளைக் குறைவாக எண்ணுவதற்கு நாம் யார்?

முன்பணம் கொடுத்தவரை வரவழைத்தோம். மருமகன் அவர் முன்னிலையிலேயே கொத்தனாரைக் கொண்டு அவ்விடத்துப் பட்டியைக் கொத்தி எடுத்தான். அவர் வெடிப்பின் நெடுக்கைப் பார்த்தார், எதுவும் பேசவில்லை. முன்பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டார், அவ்விடத்திலேயே கொடுக்கப்பட்டது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே எம்மிடம், “ஹஜ்ரத், அன்றைக்கு நான் சுவரைக் கேட்கவில்லை. உங்களைத்தான் கேட்டேன்” என்று கூறிப் போய்விட்டார். இதை எழுதும்போதும் அக்குரல் காதில் இருக்கிறது. நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை, வர வேண்டுமென்று எதிர்பார்க்கும் உரிமையும் எமக்கில்லை.

அதன்பின் வெடிப்பை மூடவில்லை. வருபவர்களிடம் முதலில் தென்புற அறையைத் திறந்து காட்டுவதென்று ஏற்பாடு. பங்குனி வரை மூவர் வந்தனர். ஒருவர் வெடிப்பைக் கண்டதுமே திரும்பினார். ஒருவர், இதைக் காட்டுகிறவர்கள் இன்னும் எதையெல்லாம் மறைத்திருக்கிறார்களோ என்று தரகரிடம் கூறினாராம். மருமகன் சொன்ன இரட்டைத் தண்டனையைக் கண்ணால் கண்டோம். மூன்றாமவர் நெடுநேரம் பேசினார், அடித்தளத்தை வலுப்படுத்த என்ன ஆகும் என்று கேட்டறிந்தார், பின்னர் வரவில்லை.

அண்மையில் அடுத்த வீட்டுக்காரர் வந்தார். மிளகாய் வியாபாரி, நம் சமயத்தவரல்லர். மச்சானோடு முப்பதாண்டு பழகியவர். அவரிடம் முதலிலேயே கேட்டிருக்கலாமே என்று அப்போதுதான் எமக்குத் தோன்றியது. சொத்தை விற்கும்போது அண்டை வீட்டாருக்கு முன்னுரிமை உண்டு என்பது எம் மத்ஹபின் சட்டம். அதில் முஸ்லிம், முஸ்லிமல்லாதார் என்ற வேறுபாடில்லை. அபூராஃபிஉ (ரலி) அவர்கள், ஸஅத் (ரலி) அவர்களின் வளவுக்குள் தமக்கிருந்த இரு அறைகளை, ஐந்நூறு தீனாருக்குக் கேட்ட வெளியாரை விட்டுவிட்டு, தவணை முறையில் நாலாயிரம் திர்ஹம் மட்டுமே தர முடியும் என்ற ஸஅத் (ரலி) அவர்களுக்கே கொடுத்தார்கள். அண்டையிலிருப்பவரே அதிக உரிமையுடையவர் என்று பெருமானார் (ஸல்) கூறக் கேட்டிராவிட்டால் கொடுத்திருக்கமாட்டேன் என்றும் சொன்னார்கள். புகாரியில் உள்ள இச்செய்தியை எத்தனையோ ஆண்டு ஓதிக்கொடுத்தும், வீடு விற்கப் புறப்பட்டபோது தரகரைத்தான் நாம் நினைத்தோம்.

மிளகாய் வியாபாரி தென்புற அறைக்குச் சென்று வெடிப்பைப் பார்த்தார். “எங்கள் வீட்டில் இதற்கு அண்ணன் இருக்கிறது” என்று சிரித்தார். வற்றல் மூட்டை அடுக்க இடம் வேண்டும், பதின்மூன்றரை தருகிறேன், பாதி இப்போது, பாதி அடுத்த மகசூலுக்குப் பிறகு என்றார். டைல்ஸைப் பற்றியோ கேட்டைப் பற்றியோ அவர் ஒன்றும் கூறவில்லை. போகும்போது மட்டும், திண்ணையை ஏன் இடித்தீர்கள் என்று கேட்டார்.

பன்னிரண்டோடு ஒன்பதைக் கூட்டிய மருமகனுக்குப் பதின்மூன்றரை என்பது எளிதில் விழுங்கக்கூடியதன்று. அவன் செலவிட்ட ஒன்பது லட்சத்தில் வாரிசுகள் எவ்வளவு ஏற்பது என்பதும் இன்னும் முடிவாகவில்லை. பங்குதாரர்களைக் கேளாமல் ஒருவர் பொதுச் சொத்தில் செய்யும் செலவு அவருடைய நன்கொடையாகவே கருதப்படும் என்பது சட்டம்; ஆனால் அந்த யோசனையின் தொடக்கம் எம்முடையது. இதை அவனுக்கு எழுதியிருக்கிறோம். இப்போது சித்திரை. மிளகாய் வியாபாரிக்கு வெள்ளிக்கிழமைக்குள் விடை சொல்வதாக மருமகன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.